அடுத்தடுத்த இரண்டு வரிகள்

நீ வியாழக்கிழமை வந்து சொன்னது சரிதான் கண்ணு. ஒரு வெப்சைட்டிலிருந்து பிளகினை, அதாவது ஏதோ ஒரு வேலைக்காக அதில் சொருகிவைக்கிற சின்ன புரோகிராமை, எடுத்துவிட்டாலும் அது சேர்த்துவைத்த டேட்டா போகாது. வெப்சைட் வைத்திருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியாது. அழி என்று ஒரு பட்டனை அழுத்துவார்கள், திரையிலிருந்து மறையும், தொலைந்தது சனியன் என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். உள்ளே டேட்டாபேஸில் அதன் டேபிள்கள், அது வரிவரியாகக் குறித்துவைத்த பட்டியல்கள், அப்படியே கிடக்கும். வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டுப் போன பிறகும் பரணில் அவருடைய பெட்டி இருக்குமே, அது மாதிரி.

அந்தப் பெட்டிகளை இறக்கிச் சுத்தம் செய்வதுதான் சித்தியின் வேலை. இருபது வருஷமாகச் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் சின்னச் சின்ன ஆட்கள்தான். கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், ஒரு பல் டாக்டர். பல் டாக்டரின் வெப்சைட்டில் பதினோரு பிளகின்களின் மிச்சம் கிடந்தது. "ஊருக்கெல்லாம் வாயைக் கொப்பளிக்கச் சொல்றீங்க, இங்க பாருங்க"ன்னு சொன்னேன். மனுஷர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இந்த வேலைக்கு மூன்று விதிகள் உண்டு. முதலில் அந்த டேபிள் எந்தப் பிளகினுடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரு நகல் எடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது. நான் மூன்றையும் மீறியதே இல்லை. நீ இதைப் படித்து முடிக்கும்போது என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். வேலையில் ஒழுங்கில்லாதவள் என்று மட்டும் நினைக்காதே.

நீ என் முன்னால் உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்விதான். "சித்தி, அம்மாவால இப்ப பேச முடியல. ஸ்லேட்ல எழுதிக் காட்டினாங்க. ‘பட்டன் வெப்சைட்ல நான் எழுதினதை அம்மா படிச்சாளான்னு கேளு.’ அது மட்டும் தெரிஞ்சா போதுமாம். பாட்டி பதிலுக்கு ஒரு வரி எழுதியிருந்தாலும் கொண்டு வரச் சொன்னாங்க." சொல்லிவிட்டு நீ தண்ணீர் குடித்தாய். டம்ளரை வைத்த இடத்தில் ஈரம் படிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தாய். உங்கம்மாவும் அப்படித்தான் துடைப்பாள்.

தேடிப் பார்க்கிறேன், திங்கட்கிழமை வா என்று அனுப்பினேன். இது அதற்கான பதில். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் பாட்டியை இந்தத் தெருவில் பட்டன்காரம்மா என்பார்கள். தாத்தா போன பிறகு பட்டன் கடையை வைத்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். முந்நூறு சின்ன இழுப்பறைகள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வேண்டிய பட்டன் விரலில் வந்து நிற்கும். தொலைந்த பட்டனுக்கு ஜோடி கேட்டு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். "ஆளைத் தொலைச்சவன்லாம் கம்முனு இருக்கான், பட்டனைத் தொலைச்சவன் பஸ் ஏறி வரான்"ன்னு சிரிப்பாள்.

உங்கம்மா பெரியவள், நான் சின்னவள். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவும் பெரியவளும் பேச ஆரம்பித்தால் கடைக்கு வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஊசியில நூல் கோக்கத் தெரியல, வாய் மட்டும் காதுவரைக்கும்" என்பாள் அம்மா.

"உன் வாயிலேர்ந்து வந்ததுதானே, வேற எப்படி இருக்கும்" என்பாள் பெரியவள்.

அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பட்டன்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் திட்டியதில்லை. திட்டுவதற்கு நான் எதுவும் செய்ததில்லை.

பெரியவள் உன் அப்பாவோடு போகிறேன் என்று நின்றபோதும் அந்தப் பேச்சு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. முடிந்தது அப்படியல்ல. "போனா இந்தப் படி ஏறாதே" என்றாள் அம்மா. "நீயே கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்" என்றாள் அவள். இரண்டும் சொல்லக் கூடாத சொல் என்று சொன்ன இரண்டு பேருக்கும் தெரியும். விட்ட வார்த்தையை முதலில் யார் பொறுக்குவது என்றுதான் தெரியவில்லை. உன் அப்பாவுக்கு ஊர் ஊராகப் போய் மின்கம்பி இழுக்கிற வேலை. முகவரி நிலைக்கவில்லை. நான்கு வருஷம் ஒரு தகவலும் இல்லை.

அந்த நான்கு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா காலையில் எழுந்ததும் என்னைத்தான் கூப்பிடுவாள். வேறு ஆள் இல்லை, அதனால் கூப்பிடுவாள். எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தது நான்தான். அதில் ஒரு படிவம் வைத்தேன். பெயர், ஈமெயில், பட்டன் போன துணியின் படம், கீழே ஒரு பெட்டியில் என்ன வேண்டும் என்று எழுதலாம். அனுப்பு என்று அழுத்தினால் அந்தப் பிளகின் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, எழுதியதைத் தன் டேபிளில் ஒரு வரியாகச் சேர்த்துவைக்கும். இரண்டு, கடையின் ஈமெயிலுக்கு ஒரு நகல் அனுப்பும். அம்மா அதைப் பார்த்து இழுப்பறையைத் திறப்பாள். கடை உட்கார்ந்த இடத்திலேயே பெரிதானது.

வெப்சைட் வைத்த ஏழாவது மாதம் ஒரு படம் வந்தது; அன்றைக்குக் கடை ஈமெயிலை முதலில் திறந்தது நான்தான். பெயர் இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் கவுன், முதுகில் மூன்று பட்டன், நடுவில் ஒன்று இல்லை. "இதுக்கு ஜோடி இருக்குமா" என்று மட்டும் கீழே எழுதியிருந்தது. நான்கு ஓட்டைப் பட்டனைப் பொதுவாகப் பெருக்கல் குறி போலத் தைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கத்தை விட்டுவிடுவோம். "ஒரு பக்கம் விட்டாதான் பட்டன் மூச்சு விடும்"ன்னு அம்மா சொல்லிக் கொடுத்தது. அந்தக் கவுனில் மிச்சமிருந்த இரண்டு பட்டனும் மூன்று பக்கம் தைத்திருந்தன.

அது உன் கவுன் கண்ணு. அம்மா பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு அப்போது ரத்தக் கொதிப்பு ஆரம்பித்திருந்தது. அதிர்ச்சி தரும்படி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நிஜமாகவே சொன்னார், சீட்டில்கூட எழுதியிருந்தார். நல்ல செய்தியும் அதிர்ச்சிதானே என்று நான் யோசித்தேன். பெரியவள் ஒருநாள் எழுதுவாள், நான்கு வருஷம் மறைந்துபோவாள். அம்மா இன்னொரு தடவை அதைத் தாங்க மாட்டாள். இவள் நிஜமாகத்தான் வருகிறாளா என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிளகினின் அமைப்புப் பக்கத்தில் நகல் போக வேண்டிய முகவரிக்கு ஒரு பெட்டி உண்டு. அதில் கடை முகவரியை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். "உனக்குத் திரையைப் பார்த்தா கண் வலிக்குதும்மா, நான் தாளில் எடுத்துத் தரேன்" என்றேன். அதிலும் பொய்யில்லை, கண் வலித்தது. தினமும் காலையில் பட்டன் கேட்டவர்களின் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நல்லவேளை நீ இருக்க" என்பாள். அதற்காகச் செய்யவில்லை. ஆனால் அப்படிச் சொன்னாள்.

உங்கம்மா ஆறு வருஷத்தில் இருபத்தாறு முறை எழுதினாள். முதல் இரண்டில் பெயர் இல்லை. மூன்றாவதில் "அம்மா, நான்தான்" என்று ஆரம்பித்தாள். உனக்குப் பல் முளைத்தது, நீ பேசிய முதல் வார்த்தை, மாறிய வீடுகள், உன் அப்பாவுக்குக் கை முறிந்தது, எல்லாம் எழுதினாள். "இவளுக்கு உன் மூக்கும்மா, பாவம்" என்று ஒன்றில் இருந்தது. படித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். அம்மா கடைக்குள்ளிருந்து, "என்னடி சின்னவளே தனியா சிரிக்கிற" என்றாள். ஒரு கிறுக்கன் குடைக்குப் பட்டன் கேட்கிறான் என்று சொன்னேன்.

என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். ஒன்பது இடத்தில். "சின்னவ எப்படி இருக்கா? அவளை வேலை வாங்கிக்கிட்டே இருக்காதே, கொஞ்சம் அவ மூஞ்சியையும் பாரு" என்று ஒன்றில். கேட்பாள், அது அவள் குணம். எல்லோரையும்தான் கேட்பாள்.

நீ கேட்டதற்கு இனிமேல்தான் பதில் வருகிறது. உட்கார்ந்து படி.

உன் பாட்டியும் எழுதினாள்.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பிடிபடவே இல்லை. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவாள். எங்கள் வெப்சைட்டை உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம் என்று ஒருமுறை நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதை அவள் தன் போக்கில் புரிந்துகொண்டாள். அந்தப் பெட்டியில் எழுதி அனுப்பு என்று அழுத்தினால், வெளியே எங்கேயோ அதைத் திறந்து பார்க்கிற பெரியவள் கண்ணில் படும் என்று நினைத்தாள். கடைக்காரியே தன் கடைப் படிவத்தில் எழுதினால் அது தன் கடைக்கேதான் வரும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பெயர் என்ற இடத்தில் "அம்மா" என்று போட்டிருப்பாள். படம் கேட்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனைப் படம் பிடித்துச் சேர்த்திருப்பாள்.

"பெரியவளே, இன்னிக்கு ஒரு கோட்டு வந்துச்சு. பன்னெண்டு பட்டனும் பன்னெண்டு ஜாதி. நீ இருந்தா சிரிச்சிருப்ப."

"மழை. மாடி ஜன்னல் இன்னும் ஒழுங்கா மூடல. நீதான் குத்துவிட்டு மூடுவ."

"உன் பச்சைச் சட்டைப் பட்டன் இழுப்பறைக்குப் பின்னாடி கிடைச்சுது. தேடாதே."

இப்படி நாற்பத்தொரு செய்திகள். எல்லாம் அந்த டேபிளில்தான் விழுந்தன, எல்லாவற்றின் நகலும் எனக்குத்தான் வந்தது. எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றில் என் பேச்சு ஒன்றில்கூட இல்லை. கோபமாகக்கூட இல்லை. கடைப் பூனை நான்கு இடத்தில் வருகிறது.

ஒரு நாள் மத்தியானம் நாலு பத்துக்கு உங்கம்மா எழுதினாள். டேபிளில் அது ஆயிரத்து எண்ணூற்று ஆறாவது வரி. "அம்மா, இன்னும் என் மேல கோவமா? ஆமான்னாலும் பரவாயில்ல, எழுது." நாலு இருபத்தைந்துக்கு இங்கே கடையிலிருந்து அம்மா எழுதினாள். ஆயிரத்து எண்ணூற்று ஏழு. "கோவமெல்லாம் எப்பவோ போச்சு. நீ ஏன் ஒண்ணும் எழுத மாட்டேங்கிற?"

நடுவில் வேறு வரி இல்லை. கால் மணி நேரம்தான் இடைவெளி. ஒன்றின் தலைமேல் ஒன்றாக அந்த இரண்டு வரியும் கிடந்தன. அதைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று எழுந்துகூடப் போனேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். "ம்" என்றாள், திரும்பாமல். திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமை. உனக்கு ஏழு வயது. நினைவிருக்கிறதா என்று வியாழக்கிழமையே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உங்கம்மா எழுதியிருந்தாள். "வர்ற செவ்வாய் பதினோரு மணிக்கு இவளையும் கூட்டிக்கிட்டு கடைக்கு வர்றேன். நீ எதுவும் சொல்ல வேணாம். கடை திறந்திருந்தா படி ஏறுவேன். வேணாம்னா கடையை மூடிடு, நான் புரிஞ்சுக்கறேன். உன் வாயால ஒரு தடவை கேட்டது போதும்மா."

அம்மா செவ்வாய்க்கிழமை கடையை மூடியதே இல்லை. காய்ச்சலோடும் திறந்து உட்காருவாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய கண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. கண் டாக்டர் எங்கள் கடைக்கு எதிர் வரிசையிலேயே, மாடியில் இருந்தார். பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் மறைப்பானேன், செவ்வாய்க்கிழமைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஷட்டரை நானே இழுத்துப் பூட்டினேன். "அரை நாள் கடையை மூடற அளவுக்கு எனக்கு என்னடி வந்துடுச்சு" என்று முனகிக்கொண்டே படி ஏறினாள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். அந்த மருந்து விட்டால் எதிரில் இருப்பது எல்லாம் கரைந்துபோகும். நான் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நின்றேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நீங்கள் வந்தீர்கள். நீ மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாய், உன் கையில் ஏதோ காகிதப் பொட்டலம். உங்கம்மா மெலிந்திருந்தாள். ஷட்டரைப் பார்த்ததும் நடை நின்றது. கிட்டே போய்ப் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் வெளியே வந்து ஏதோ சொன்னார், அவள் தலையை ஆட்டினாள். நீ படியில் உட்கார்ந்தாய். அவள் உட்காரவில்லை.

"என்னடி அங்கயே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கடை மூடியிருக்குன்னு யாரோ வந்து நிக்கிறாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்க மாதிரி இல்ல."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "மஞ்சளா ஏதோ தெரியுது."

"சின்னப் புள்ள."

"பாவம், புள்ளையோட நிக்குதே. ஒரு குரல் குடேன். சாவியை எடுத்துக்கிட்டுப் போய்த் திறந்து விடு. எந்தப் பட்டன்னு கேளு, நான் இங்கேர்ந்தே இழுப்பறை நம்பர் சொல்றேன்."

"டாக்டர் கூப்பிடுற நேரம்மா. அவங்களே கிளம்பிட்டாங்க."

நீங்கள் கிளம்பவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம் நின்றீர்கள். அம்மா அவ்வளவு நேரமும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இன்னும் இருக்கு போலயே" என்றாள் ஒருமுறை. "அது எதிர்ச் சுவத்துல ஒட்டின விளம்பரம்" என்றேன். "ஓ" என்றாள்.

ஒரு வாரம் கழித்து உங்கம்மாவின் இருபத்தாறாவது செய்தி. "கடை மூடியிருந்துச்சு. புரிஞ்சுதும்மா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். உடம்பைப் பாத்துக்கோ. சின்னவளையும்."

அந்த மாதமே அந்தப் பிளகினை எடுத்துவிட்டேன். படம் ஏற்றுகிற பிளகின்களில் பாதுகாப்புக் குறை அதிகம். யாரைக் கேட்டாலும் எடுக்கத்தான் சொல்வார்கள். வேறு படிவம் வைத்தேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கொடுத்த எண்ணைப் போட்டால்தான் அதில் எதையும் அனுப்ப முடியும்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டாள். "சின்னவளே, இந்தப் பெட்டி இப்ப எழுத விட மாட்டேங்குது. எண்ணு எண்ணுங்குது. அவளுக்கு நான் என்ன எண்ணைப் போடறது?"

"யாருக்கும்மா?"

விசைப்பலகையைத் துணி போட்டு மூடினாள். "யாருக்குமில்ல" என்றாள். அதன்பின் அந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

இரண்டு வருஷம் இருந்தாள். கடைசி மாதம் படுக்கையில்தான். நான்தான் எல்லாம் பார்த்தேன், ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை, அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள். ஒரு நாள் காலையில் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். "பெரியவ ஒண்ணுமே எழுதலையாடி?" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"இல்லம்மா" என்றேன்.

"சரி. வேலை இருக்கும்" என்றாள்.

நான் பின்னலை முடித்தேன். அந்த வயதில் உண்மை அவளுக்கு என்ன நல்லது செய்திருக்கும், சொல். ஆறு வருஷத்தையும் ஒரே காலையில் எடுத்துக் கையில் கொடுத்தால் எந்த நெஞ்சு தாங்கும்? கடைசிவரைக்கும் அம்மாவைக் காப்பாற்றியது நான் மட்டும்தான்.

அம்மா போன பிறகு கடை போயிற்று. வெப்சைட்டை மட்டும் நான் விடவில்லை. மற்ற பிளகின்களின் மிச்சத்தையெல்லாம் துடைத்தேன், அந்த ஒரு டேபிளை விட்டுவைத்தேன். சுத்தம் செய்கிறவள் வீட்டில் ஒரு மூலையாவது குப்பையாக இருக்கும் என்பார்கள். பத்து வருஷம் அது அங்கேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமைகளில் திறந்து படிப்பேன்.

முதல் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்து, என்றைக்கோ அழித்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அப்படியில்லை கண்ணு. நீ வியாழக்கிழமை என் முன்னால் உட்கார்ந்து கேட்டபோது அந்த டேபிள் இருந்தது. இருபத்தாறும் இருந்தது, நாற்பத்தொன்றும் இருந்தது, தேதி, மணி, படங்களோடு. பக்கத்து அறையில்தான் கம்ப்யூட்டர். உன்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்ட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நீ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பாய். உங்கம்மா அந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் பார்த்திருப்பாள்.

நீ தெருமுனை திரும்பியதும் உள்ளே போய் அழித்தேன். முறையாகத்தான். எந்தப் பிளகினுடையது என்று பார்த்தேன். யாரும் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்தேன். ஒருத்தி பயன்படுத்திக்கொண்டிருந்தாள், அது நான். நகல் எடுத்தேன். பிறகு நகலையும் அழித்தேன். அத்தனை வருஷமாக என் ஈமெயிலில் கிடந்தவற்றையும். வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனிக்காரர்கள் தினமும் ஒரு நகல் எடுப்பார்கள், எப்போதும் கடைசி மூன்று நாள் நகல் மட்டும்தான் வைத்திருப்பார்கள். அதனால்தான் உன்னைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். இப்போது அவர்களிடமும் இல்லை. நான்கு நாள் உங்கம்மாவைக் காக்க வைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவள் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள், நான்கு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். உங்கம்மாவின் கண், அன்றைக்கு மருந்து விட்டுக்கொண்ட அம்மாவின் கண் மாதிரி மங்கின கண் இல்லை. தேதியைப் பார்ப்பாள், முகவரியைப் பார்ப்பாள், செவ்வாய்க்கிழமையைப் பார்ப்பாள். படுத்திருக்கிறவளுக்கு அது எதற்கு? அவள் கேட்டது ஒரு வரி. நான் அதைவிட நிறையவே தருகிறேன்.

இதோடு ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன். அம்மா எழுதியது எல்லாம், ஒரு தாளுக்கு ஒன்றாக, என் கையால். மனப்பாடம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. கோட்டு, மழை, ஜன்னல், பூனை, எல்லாம் இருக்கிறது. "கோவமெல்லாம் எப்பவோ போச்சு" என்பதை மேலே வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படித்துக் காட்டு. அம்மா படித்தாளா என்று கேட்டால், படித்தாள் என்று சொல். சொல்லவில்லை என்றாலும் உன் இஷ்டம். இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் உன் இஷ்டம்தான். நீ அவள் பெண், உன்னைத் தடுக்க நான் யார்.

ஒன்று மட்டும். நாற்பத்தொன்று என்று மேலே எழுதியிருக்கிறேன் இல்லையா, எழுத எழுத நாற்பத்திரண்டு வந்தது. கடைசி ஒன்றை இத்தனை நாளாக எப்படியோ எண்ணாமல் விட்டிருக்கிறேன். டேபிள் இருந்திருந்தால் சரிபார்த்திருக்கலாம், இப்போது வழியில்லை. ஆனால் அது இருந்தது கண்ணு. நன்றாக நினைவிருக்கிறது, பட்டன் படம்கூட நினைவிருக்கிறது. "சின்னவளே, உன்னையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ செஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும். பரவாயில்ல, விடு" என்று எழுதியிருந்தாள்.

இந்தத் தாள்களிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. மற்றதெல்லாம் உங்கம்மாவுக்கு. அது எனக்கு வந்தது.